கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான ஞாயிறு வகுப்பில், எமது அமைப்பாளர்களில் ஒருவரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை)



இந்த வகுப்பில் பேச வேண்டும் என்று நமது மாவட்டத் தலைவர் போன வாரம் போன் எடுத்தார். "எதைப் பத்திப் பேசப் போறீங்க டீச்சர்?" என்று கேட்டார். "எதைப் பத்திப் பேசுனா நல்லது அண்ணே?" என்றேன். "பாத்தீங்களா, டீச்சரும் நம்ம ஆளுக மாதிரிதான். ஒண்ணு கேட்டா திருப்பி ஒண்ணு கேக்குறீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதுவே இன்றைய தலைப்பாகிவிட்டது.

நம்மைப் பற்றி வெளியில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. "தோட்டத்து ஆளுககிட்ட ஒரு கேள்வி கேட்டா நேரா பதில் வராது." கணக்கெடுக்க வருபவர்கள் சொல்கிறார்கள். கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் என் காதில் விழுந்திருக்கிறது. அது உண்மையா, உண்மை என்றால் ஏன் என்று இன்றைக்குக் கொஞ்சம் பார்ப்போம். கடைசியில் இது நமது சம்பளத்தில் வந்து நிற்கும். அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். அதனால் எனக்கு முதலில் நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. ஒரு கேள்விக்கு எத்தனை வகையாகப் பதில் சொல்லலாம் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எட்டு வகை. அந்த எட்டில் ஒன்றுக்கு 'வினா எதிர் வினாதல்' என்று பெயர். கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வது. "இதைச் செய்வாயா?" என்று கேட்டால் "செய்யாமல் இருப்பேனா?" என்று சொல்வது. ஆக, இது தோட்டத்துக்காரர்களின் கெட்ட பழக்கம் இல்லை. தமிழின் பழைய வழக்கம்.

நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படிப் பேசுகிறோம் பாருங்கள். "இந்த மழையிலும் மலைக்குப் போறியா?" என்றால் "போகாட்டி அடுப்பு எரியுமா?" என்கிறோம். "பிள்ளை சாப்புட்டானா?" என்றால் "சாப்புடாம வுடுவேனா?" என்கிறோம். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. போகிறேன் என்பதும், பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணம் இதை 'விடை' என்று ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், உள்ளே பதில் இருப்பதுதான். உள்ளே பதில் இல்லாவிட்டால் அது விடை இல்லை. அது வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

முதலில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாயி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். லயத்து வாசலில் வந்து "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டால், "எதுக்குங்க கேக்குறீங்க?" "மகன் எங்க வேலை?" என்றால், "நீங்க எங்கேருந்து வர்றீங்க?" கிராம உத்தியோகத்தர் வந்தாலும் அதுதான், பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர் வந்தாலும் அதுதான். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் அப்பாயி, கேட்டதுக்குப் பதில் சொன்னா என்னா?" அப்போதுதான் அவருடைய அப்பாவின் கதையைச் சொன்னார்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம், 1949 இல், இந்திய பாகிஸ்தானியருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. திருமணமானவர் என்றால் 7 வருடம், மற்றவர் என்றால் 10 வருடம், 1946 ஜனவரிக்கு முன்பே தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத லயத்து மனிதர்கள் எதைக் கொண்டு நிரூபிப்பது? இருந்தாலும் 1951 ஆகஸ்ட்டுக்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனுப் போட்டார்கள். பிறகு வருடக்கணக்காக விசாரணை நடந்தது. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

அப்பாயியின் அப்பாவையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனார். பல கேள்விகள். அதில் ஒன்று: "ஊருக்குக் காசு அனுப்புறதா?" அவர் சொன்னாராம், "அனுப்பாம இருப்பேனுங்களா ஐயா, அங்க ஆத்தா இருக்காங்களே."

கவனித்தீர்களா? இதுவும் கேள்விக்குக் கேள்விதான். ஆனால் பதில் உள்ளே இருக்கிறது. ஒளிவு மறைவு இல்லாத, பெற்ற தாயை மறக்காத ஒரு மகனின் பதில். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் பணம் அனுப்புவதையும், போய் வருவதையும், இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மனு தள்ளுபடியானது. அது ஒன்றுதான் காரணமா என்று அப்பாயிக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் அந்த ஒரு பதிலைப் பற்றித்தான் காலம் பூராவும் பேசினார்கள். "அன்னைக்கு அப்பா வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்" என்று.

1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது அடுத்த கேள்வி வந்தது. "இந்தியாவா, இலங்கையா?" எந்தப் பதில் சொன்னாலும் குடும்பம் பிரிந்தது. அப்பாயியின் அண்ணன் கப்பலேறினார். அப்பாயி இங்கே இருந்தார். 1988 இல் நாடற்றோருக்கான விசேட சட்டம் வந்த பிறகுதான் அவர் இந்த நாட்டுப் பிரஜை ஆனார். அதற்குள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். ஒரு பதிலுக்காக நாட்டையே இழந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, புத்தகமும் பேனையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற மனிதரிடம் நேராகப் பதில் சொல்லுமா? "எதுக்குங்க கேக்குறீங்க?" என்பது திமிரில்லை. கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள். நமது தாத்தா பாட்டிமார் அதை நமக்குச் சொத்தாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மைக் குறை சொல்பவர்கள் அந்தத் தாழ்ப்பாளை யார் போட வைத்தது என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் தாழ்ப்பாள் சில நேரம் நம்மையே உள்ளே பூட்டிவிடும். அதையும் சொல்லத்தான் வேண்டும். இதில் என் தவறும் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன். அடிக்கடி வரமாட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை, "நேத்து ஏன் பள்ளிக்கூடம் வரல?" என்று கேட்டேன். "நேத்து பள்ளிக்கூடம் இருந்துச்சா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடமே வாய் காட்டுகிறானா என்று, இரண்டு பாடம் நிற்க வைத்தேன். ஒரு மாதம் கழித்து அவன் லயத்துக்கு வேறு வேலையாகப் போனேன். தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயா இல்லாததால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அம்மா மலைக்குப் போகும் நாட்களில் கைப்பிள்ளையான தங்கையை இவன்தான் பார்த்துக்கொள்கிறான். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். அதனால் ஒரு கேள்வியைத் தூக்கிக் குறுக்கே போட்டான். பதிமூன்று வயது அப்பாயி!

நான் செய்திருக்க வேண்டியது என்ன? நிற்க வைப்பது இல்லை. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, முதலில் நான் ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒனக்குப் பாடம் விட்டுப் போகுதேன்னு கேக்குறேன்." அவ்வளவுதான். பயந்து கேள்வி கேட்பவர்களுக்கு முதலில் தேவை அதுதான். நீங்கள் தலைவிமார் லயத்துக்குப் போய் விவரம் எடுக்கும்போதும் இதை மறக்காதீர்கள். ஏன் கேட்கிறோம், எழுதுவது எங்கே போகும் என்பதை முதலில் சொல்லுங்கள். தாழ்ப்பாள் தானாகத் திறக்கும்.

இதுவரை சொன்னது பலமில்லாதவர் கேட்கும் கேள்வி. இனி பலமுள்ளவர் கேட்கும் கேள்விக்கு வருவோம். வார்த்தை ஒன்றுபோலவே இருக்கும். வேலை வேறு.

நமது சங்க உறுப்பினரான ஒரு அக்காவுக்கு நடந்தது. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. அவர்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு 18 கிலோ. அன்று அந்தி நிறுவையில் தராசு 20 காட்டியதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார். புத்தகத்தில் 17 விழுந்திருக்கிறது. அரைப்பேர். அதாவது ஒரு கிலோ குறைந்ததற்கு 500 ரூபா போய்விட்டது. அக்கா கேட்டார்: "ஐயா, எத்தனை கிலோ கழிச்சீங்க?"

புத்தகம் எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

வரிசையில் நாற்பது பேர். ஒருவரும் மூச்சுவிடவில்லை. அக்கா, "ஐயோ, அப்பிடி இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே என்ன நடந்தது? ஒரு நிமிடம் முன்புவரை கணக்குக் கேட்டவர் அக்கா. கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். அந்த ஒரு கேள்வி வந்ததும் இடம் மாறிவிட்டது. இப்போது அக்கா குற்றவாளி போல் சமாதானம் சொல்கிறார். கிலோவைப் பற்றிக் கேட்டதற்கு மரியாதையைப் பற்றிக் கேள்வி வந்தது. அக்கா மரியாதையான மனுஷி. அதனால் மரியாதைக்குப் பதில் சொன்னார். கிலோ காணாமல் போய்விட்டது.

நன்னூல் கணக்கில் வைத்துப் பாருங்கள். "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்பதற்குள் எத்தனை கிலோ என்ற பதில் இருக்கிறதா? இல்லை. ஆகவே அது விடை இல்லை. விடை வராத கேள்வி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. நாமாக விட்டால்தான் அது போகும்.

அக்கா அன்று இரவு என்னிடம் வந்து சொன்னார். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். நான் ஐயாவாக நடித்தேன். ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்த பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நிறுவையில் மறுபடியும் கேட்டார். அதே பதில்தான் வந்தது. இந்தத் தடவை அக்கா குரலை உயர்த்தவில்லை. "நம்பிக்கை இருக்குங்க ஐயா. எத்தனை கிலோ கழிச்சீங்க?" என்றார்.

அவ்வளவுதான். அவர் கேட்டதற்கு மரியாதையாக ஒரு பதில். உடனே நமது கேள்வி அதே இடத்தில் மறுபடியும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு. சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு" என்றார். பின்னால் நின்ற ஒரு பாட்டி, "மழை பேஞ்சு நாலு நாளாச்சேங்க" என்றார். அதன் பிறகு கமிட்டி போய்ப் பேசியது. முதல் நாள் போன 500 ரூபா திரும்பி வரவில்லை. ஆனால் அந்த மலையில் இப்போது கழிவு எத்தனை என்பதைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுகிறார்கள்.

இந்த மாதிரிக் கேள்விகள் நமக்குப் பழக்கமானவைதான். சம்பளச் சிட்டையைக் கொண்டுபோய் "இது எதுக்குங்க வெட்டியிருக்கு?" என்றால், "யார் ஒனக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புனது?" என்று வரும். "நானாத்தான் கேக்குறேங்க. இது எதுக்கு வெட்டியிருக்கு?" என்று சொல்லுங்கள். "மத்தவங்க யாரும் கேக்கல, ஒனக்கு மட்டும் என்னா?" என்று வரும். "என் சிட்டையைத்தாங்க நான் கேக்குறேன். இது எதுக்கு வெட்டியிருக்கு?" சண்டை வேண்டாம். சத்தம் வேண்டாம். முடிந்தால் தனியாகப் போகவும் வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்க, மற்றவர் தேதியையும் சொன்ன பதிலையும் எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். திருப்பிக் கேட்கிற எல்லோரும் நம்மை விரட்டுகிறவர்கள் இல்லை. கிளாக்கர் "எந்த மாசம்? செக்ரோல் நம்பர் என்னா?" என்று கேட்டால் அது தேவையான கேள்வி. டொக்டர் "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்காமல் மருந்து தர முடியாது. நானும் வகுப்பில் கணக்கு விடையைக் கேட்கும் பிள்ளையிடம் "நீ எப்படிச் செஞ்ச, காட்டு பாப்போம்?" என்றுதான் கேட்பேன். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, நாம் கேட்ட பதில் பக்கத்தில் வரும். மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, அது தூரப் போகும். பக்கத்தில் வருகிறதா, தூரப் போகிறதா என்று பாருங்கள்.

அரசாங்க ஆபீஸ்களில் இதற்குச் சட்டமே துணைக்கு இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகம், தொழில் திணைக்களம் போன்ற அரசாங்க நிறுவனங்களிடம் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அப்பாயி காலத்தில் அவர்கள் கேள்வி கேட்டார்கள், நாம் பயந்தோம். இன்றைக்கு நாம் கேட்கலாம். "எதுக்கு ஒனக்கு?" என்பதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் நமக்கு இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கை கிடைத்தது என்று எழுத்தில் ஒரு சீட்டுத் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

முக்கியமாகச் சேமலாப நிதி. நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டுகிறார்கள். அதோடு நிர்வாகம் 12 சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் தனியாக 3 கட்ட வேண்டும், அதை நம்மிடம் வெட்டக்கூடாது. சிட்டையில் வெட்டியது உண்மையில் கட்டப்பட்டதா என்று கேட்பது நமது காசைப் பற்றி நாம் கேட்பது. ஓய்வு பெறும் நாளில் கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.

முடிக்கும் முன் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் சொல்லாமல் போனால் இதுவரை பேசியதற்கு அர்த்தமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இரவு எட்டு மணியைப் போல எனக்கு ஒரு போன் வந்தது. பழக்கமில்லாத ஒரு அம்மாவின் குரல். "டீச்சர், வேலையில கை வெட்டுப்பட்டுருச்சு. மருந்துச் செலவு தரமாட்டாங்களா?" அன்றைக்கு எனக்கு அலுப்பு. யோசிக்காமல் கேட்டேன், "நீங்க எந்தச் சங்கம்மா?"

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு போன் வைக்கப்பட்டுவிட்டது. நான் திருப்பி எடுத்தேன். அது ஒரு கடைப் போன். யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அம்மா யார், கை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிறுவையில் அந்த ஐயா கேட்டதற்கும் நான் போனில் கேட்டதற்கும் என்ன வித்தியாசம்? அவருக்கும் எனக்கும் சம்பளம் வேறு, வார்த்தை வேறு. ஆனால் கேட்டவருக்கு நடந்தது ஒன்றுதான். கை வெட்டுப்பட்டதைப் பற்றிக் கேட்டவரிடம் நான் சந்தாவைப் பற்றிக் கேட்டேன். எந்தச் சங்கம் என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. முதலில் "எந்தக் கை? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? ஆபீஸ்ல எழுதிக்கிட்டாங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். தலைவர்மாரே, தலைவிமாரே, "சந்தா கட்டினியா?" "போன கூட்டத்துக்கு ஏன் வரல?" என்று நம் வாயிலும் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. நிர்வாகத்திடம் பதில் கேட்கப் போகிற நாம், நம்மிடம் கேட்பவருக்கு முதலில் பதில் சொல்லிப் பழக வேண்டும்.

டீச்சர் பேசினால் வீட்டுவேலை இல்லாமல் முடியுமா? அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் இந்த மாதச் சம்பளச் சிட்டையைக் கொண்டுவாருங்கள். அதில் விளங்காத ஒரு வெட்டைப் பற்றி ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள். என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் மறுபடி என்ன சொன்னீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம்.

இப்போது யாருக்காவது என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் கேளுங்கள். நான் நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.